கோணிம்மா குளித்த வெள்ளிக்கிழமை

காலையில் பால்வாடியைத் திறந்ததும் ஜன்னல் திட்டில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்ப்பேன். விரல் கருப்பாகிவிடும். திருவொற்றியூர் ரோட்டில் விடிய விடிய கண்டெய்னர் லாரி போனால் வேறு என்ன ஆகும்? இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கரியோடு எனக்குத் தீராத பகை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்குச் சோற்றோடு கோபத்தையும் சேர்த்துப் போட்டது. ஆயா லீவு போட்டாலும் வெள்ளிக்கிழமை பொம்மை கழுவுவது மட்டும் நிற்காது. பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் எல்லாவற்றையும் ஊறப்போட்டு, அலசி, மாடியில் காயவைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

லுப்னாவுக்கு நாலு வயது. சேர்ந்து ஒரு மாதமாகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வாய் ஓயாதாம். இங்கே அவள் பேசுவது இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் கோணிம்மாவிடம் மட்டும். கோணிம்மா முழங்கை நீளத்துக்கு ஒரு பொம்மை. லுப்னாவின் அம்மா ரஹீமுன்னிசா தண்டையார்பேட்டையில் ஒரு கோணிக் குடோனில் கிழிந்த மூட்டைகளைத் தைக்கிறவள். மீந்த துண்டுகளில் அவள் செய்து கொடுத்தது. சணல் உடம்பு, தேங்காய் நார் அடைத்த வயிறு, சணலையே பிரித்துப் போட்ட இரட்டைப் பின்னல். அதன் காதில் லுப்னா ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த முணுமுணுப்பு கேட்கிறவரை பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தூங்கும் நேரம். லுப்னாவின் கையிலிருந்து கோணிம்மா நழுவிக் கிடந்தது. முகத்தில் பருப்புக் கறை, கால் முழுக்கக் கரி. என் கை சும்மா இருக்குமா? எடுத்து வாளியில் அமுக்கினேன். மிதந்தது. மேலே ஒரு செங்கலை வைத்தேன். திரும்பினால் லுப்னா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

செய்ததோடு விட்டேனா? மாடியில் கொண்டுபோய்க் காயவும் போட்டேன். வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் ஈரத்துணியை வெளியே போடக் கூடாது என்று இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஊறி உப்பிய வயிறு, முகத்தில் வெளுத்துப்போன திட்டு, உடம்பெல்லாம் அப்பிய சாம்பல். லுப்னா ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ரஹீமுன்னிசா வந்தபோது நான் ஈரத்துணியால் துடைக்கப் போனேன்.

"தொடாதீங்க டீச்சர்," என்றாள். "ஈரத்தோட தேச்சீங்கன்னா கரி உள்ள பூந்துகும். காய வுட்டா தட்டுனதும் தானா வுழுந்துடும்."

"கழுவினது தப்பாம்மா?"

"இன்னா டீச்சர், கோணிய போயி யாராச்சும் ஊறப் போடுவாங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையிலிருந்து கோணி ஊசியை எடுத்து முதுகுத் தையலை ஒவ்வொன்றாக நெம்பினாள். ஒரு நூலும் அறுபடவில்லை. நாரை உருவிப் பேப்பரில் பரப்பினாள். வெறும் உடம்பை உள்ளறைக் கொடியில், வெயில் படாமல் தொங்கவிட்டாள். "எங்க வூட்ல ஜன்னலே கெடயாது. இங்கியே காயட்டும்," என்றாள்.

திங்கட்கிழமை லுப்னா வாயே திறக்கவில்லை. முட்டையைத் தொடவில்லை. யாருமில்லாத இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். எனக்கு அவள் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் குடோனிலிருந்து நேராக வந்தாள் ரஹீமுன்னிசா. எட்டு மணி நேரம் மூட்டை தைத்த கை. காய்ந்த கோணிம்மாவைக் கவிழ்த்துப் பிடித்து விரல் நுனியால் தட்டினாள். சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு பழைய பல் பிரஷால், நூல் ஓடுகிற பக்கமாகவே இழுத்தாள், ஒரு தடவைகூட எதிர்ப்பக்கம் போகவில்லை. பருப்புக் கறையில் கடலை மாவைத் தூவி, எண்ணெயைக் குடிக்கட்டும் என்று காத்திருந்து தட்டினாள். பின்னலை இழை இழையாகப் பிரித்து மறுபடி பின்னினாள். இருபத்திரண்டு வருஷமாகச் சுத்தம் சுத்தம் என்று கத்துகிறேனே, இவ்வளவு மரியாதையாக ஒரு பொருளை நான் சுத்தம் செய்ததே கிடையாது. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்தது.

அடைப்பதற்கு நான் புதுப் பஞ்சு வாங்கி வைத்திருந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, காய்ந்த பழைய நாரையே உதறி அடைத்தாள்.

"பஞ்சு பளு வேற டீச்சர். இடுப்புல வெச்சதும் கண்டுபுடிச்சிடுவா."

"முகம் வெளுத்திருக்கே?"

"அது வெளுத்தது வெளுத்ததுதான். அத மறைக்கப் போனா வேற ஆளாயிடும்."

செவ்வாய்க்கிழமை காலை கோணிம்மாவைப் பாயில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விட்டேன். லுப்னா வெகுநேரம் பார்த்தாள். மெல்ல வந்து தூக்கினாள். இடுப்பில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். வெளுத்த இடத்தை விரலால் தடவினாள். பேச்சு வரவில்லை. நான் தட்டுகளை அடுக்குகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் கேட்டது, அந்த முணுமுணுப்பு.

"டீச்சரு மறுபடி தண்ணில போட்டா மூச்ச புடிச்சிக்கோ. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிக்கினே இரு. அம்மா வந்துடும்."

ஒன்று, இரண்டு, மூன்று நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு மாதமாக அவள் எனக்குத் திருப்பிச் சொல்லாதது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.