இடப்பக்கம் நகர்ந்த டிக்குகள்

விடுதிச் சாப்பாட்டு அறையில் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் 'தினமும்' என்ற கட்டத்தில் போட்ட டிக்குகள், கல்லூரி முதல்வரின் மேசைக்கு வந்து சேர்ந்தபோது 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் இருந்தன. அது ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். தாள்களைக் கொண்டுவந்தவர் கல்லூரி மொழிபெயர்ப்பாளர். வழியில் யாரிடமும் கொடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

படிப்பு ஒருவரை எந்த அளவுக்குப் பிழிந்து போட்டிருக்கிறது என்று அளக்க வேறொரு மொழியில் உண்டாக்கிய கேள்வித்தாள் அது. பதினைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏழு கட்டம். அதை மாணவர்களின் மொழிக்குக் கொண்டுவந்து, சரியாக அளக்கிறது என்று நிரூபிக்கும் வேலை மொழிபெயர்ப்பாளர் தலையில் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் வரைவில் 'கல்வியால் உணர்வுரீதியாக வடிகட்டப்பட்டதாக உணர்கிறேன்' என்று எழுதியிருந்தார். அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை அதைப் பார்த்துவிட்டு, "யாரு அக்கா என்னை வடிகட்டுனது?" என்று கேட்டாள். மற்றவர்கள் கேட்கவும் இல்லை. புரியாமல் நடுக்கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த டிக்குகள் இம்மியும் நகரவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் அதே நடுக்கட்டம். கேள்வித்தாள் குழுவில் இருந்த புள்ளியியல்காரருக்கு ஏக மகிழ்ச்சி. மொழிபெயர்ப்பாளருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏழு முறை திருத்தினார். மூலத்தைப் பார்த்திராத ஒரு வங்கி அதிகாரியிடம் கொடுத்து, திரும்ப அந்த மொழியில் எழுதச் சொல்லி ஒப்பிட்டார். கடைசியில் 'படிப்பை நினைத்தாலே எனக்குள் ஒன்றும் மிச்சமில்லாதது போல இருக்கிறது' என்று நின்றது. செவ்வாய்க்கிழமை அதைப் படித்தவர்கள் வெகுநேரம் தலை நிமிரவில்லை.

புதன்கிழமை அவர் தாள்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடந்து பார்த்தார். விடுதிக்குள் நுழைந்ததும் டிக்குகள் வலக்கோடிக்குப் போயின. வெளியே வர வர இடப்பக்கம் ஒதுங்கின. உடற்கூறு அறையைத் தாண்டுகையில் 'வாரம் ஒருமுறை', மாடிப்படியில் 'எப்போதாவது', முதல்வர் அறை வாசலில் 'ஒருபோதும் இல்லை'. பேனாவை மாற்றினார், மையை மாற்றினார், தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார். உறைக்குள்ளேயே நகர்ந்தன. குழுக் கூட்டம் மூன்று முறை தள்ளிப்போய் ஒருவழியாக நடந்தபோது, விடுதிக்கு வந்து ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். யாருக்கும் நேரமில்லை. நகராத டிக்குதான் நம்பகமான டிக்கு, பழைய வரைவே போதும் என்றார் புள்ளியியல்காரர். "பசங்க நல்லாதான் இருக்காங்கன்னு அவங்க கையாலேயே எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களுக்கு என்னம்மா வருத்தம்?" என்றார் முதல்வர். பதினைந்து கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றிருந்த தாள்களில் மேலாக இருந்த ஒன்றின் பதிவு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார். அது தங்கையுடையது. இவ்வளவு தெம்பான பெண் என்று, புதிய மாணவர்களுக்கு வரவேற்புரை சொல்லும் பொறுப்பையும் வாரத்துக்கு இரண்டு கூடுதல் வார்டு வேலையையும் அவளுக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் தங்கை அக்காவின் அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். "கேள்வியைச் சரியா கேட்டுட்டக்கா, அதான் வம்பாப் போச்சு," என்றாள். தன் வேலை நன்றாக அமைந்ததற்காக மொழிபெயர்ப்பாளர் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். மறுநாள் காலை தங்கை ஒரு வெற்றுக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் எதிரில் போய் உட்கார்ந்தாள். அக்கா கதவோரம் நின்றார். முதல் கேள்விக்கு 'தினமும்' என்று டிக் போட்டாள். பேனாவை எடுப்பதற்குள் அது இடக்கோடிக்குப் போய்விட்டது. மறுபடி போட்டாள். மறுபடி போனது. "பேனா சரியில்லை போல," என்று முதல்வர் தன் பேனாவைக் கொடுத்தார். அதுவும் அப்படியே. ஐம்பது, அறுபது தடவை அதே இடத்தில் அழுத்திப் போட்டதில் இடக்கட்டம் கருத்துப் போனது. வலக்கட்டத்தில் தாள் கிழிந்து ஓட்டை விழுந்தது. ஓட்டை நகரவில்லை.

முதல்வர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓட்டையில் சுண்டுவிரலை விட்டார். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். "முதல் வருஷத்துலேர்ந்து சார்." அவர் விடுப்புப் படிவத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வார்டு வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தப்பு நடந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்தாள். பிறகு திரும்பி வந்து படிப்பை முடித்தாள்.

பழைய வரைவு தொல்லை தராது என்பதால் பல கல்லூரிகள் இன்றும் அதையே பயன்படுத்துகின்றன. இந்தக் கல்லூரியில் மட்டும் திருத்திய கேள்வித்தாள். ஆண்டுதோறும் அதை நிரப்பும் நாளில் மாணவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடித்த ஊசி வாங்கிக்கொள்கிறார்கள். கிடங்கு எழுத்தர் கையெழுத்து வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுக்கிறார். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.