தகடுகளைக் கழற்றும் தெரு

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் தெருவின் முதல் கட்டடத்திலிருந்து அலுமினியத் தகடுகளைக் கழற்றிய அன்று, மாநகராட்சிப் பொறியாளர் சாரத்தின் மேல் நின்று உள்சுவரைப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். "எந்தக் கசாப்புக்காரன் வேலை இது?" என்று கத்தினார். சுவரெங்கும் துளைகள். சுண்ணாம்புப் பூக்களின் இதழ்களுக்கு நடுவே, வளைவுகளின் நெற்றியில், தூண்களின் கழுத்தில். கீழே வேடிக்கை பார்த்த கூட்டத்தில் காய்கறிப் பையுடன் நானும் நின்றிருந்தேன். அந்தக் கசாப்புக்காரர் என் கணவர். அவர் இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ஒரு காலத்தில் அந்தத் தெரு நகரத்தின் இதயமாகத் துடித்துக்—

(விட்டேன். நகரங்களுக்கு இதயம் பொருத்துகிறவர்களின் கட்டுரைகளை அச்சகத்தில் ஏராளமாகப் படித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: அவர் கை படாத கட்டடம் இந்தத் தெருவில் இல்லை. நகரம் அவரை என்றென்றும்—

(இது இரங்கல் கூட்டம். நகரம் அவரைக் கசாப்புக்காரர் என்று சொல்லி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.)

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள்.*

* விட்டவற்றை ஏன் அப்படியே வைத்திருக்கிறாள் என்று நீங்கள் கேட்கலாம். நான் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருந்தவள். நாங்கள் எதையும் அழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டுக்கு அடியில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

3

தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும்.

கட்டியபோது இது மொத்த வியாபாரத் தெரு. கீழே கிடங்கு, மேலே முதலாளியின் குடும்பம். முகப்பில் வளைவுகள், தூண்கள், தூண்களின் தலையில் பூக்கள். பிறகு கிடங்குகள் ஊருக்கு வெளியே போயின, கடைகள் வந்தன. பூக்களின் மேல் புகை படிந்தது, புறா உட்கார்ந்தது, மழைத்தண்ணீர் இறங்கிய வழியெல்லாம் கறுப்புக் கோடு. கடைக்காரர்களுக்குத் தங்கள் கட்டடத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்த காலம் ஒன்று வந்தது. அந்தச் சமயத்தில்தான் என் கணவர் தகட்டுடன் வந்து சேர்ந்தார்.

"எல்லாத்தையும் மூடிடுப்பா. நேத்துக் கட்டின மாதிரி இருக்கணும்" என்றார் துணிக்கடைக்காரர். மூடினார். அந்தக் கட்டடம் மின்ன ஆரம்பித்ததும் பக்கத்துக் கட்டடத்துக்கு வெட்கம் ஒட்டிக்கொண்டது. இப்படியே தெரு முழுவதும் ஒவ்வொன்றாகப் பளபளவென்று ஆனது. அவர் பெயரையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். 'தகடு' என்றால் போதும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே செருப்புக்கடை வைத்திருப்பவருக்கும் என் கணவருக்கும் எப்போதும் வாய்ச்சண்டைதான்.

"யோவ் தகடு, ஊருக்கெல்லாம் பவுடர் பூசறே. என் கடைக்கு எப்போ?"

"உன் மூஞ்சிக்குப் பவுடர் பத்தாதுய்யா. சாந்து குழைக்கணும்."

பின்னர் ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் எழும்பின. ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தகடு வெளுத்தது. பாதிக் கடைகளில் கதவு இறங்கியது. இப்போது மறுபடி ஒரு திருப்பம்: தெருவுக்குள் வண்டிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள், தரையில் கல் பாவுகிறார்கள், தகடுகளைக் கழற்றிப் பழைய முகங்களை வெளியே எடுக்கிறார்கள். காலியாகக் கிடந்த மேல்மாடிகளில் ஆட்கள் குடிவரத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் எதிர்மாடியில் குழந்தைத் துணி காய்ந்தது. இந்தத் தெருவில் குழந்தைத் துணியைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் என் மனுஷன் செய்த ஒவ்வொன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத எனக்கு வரவில்லை.

4

அவர் தகடு போட்ட அதே வரிசையில் அடுத்தடுத்த கட்டடங்களில் கழற்றும்போதும் போய் நின்றேன். திட்டு வாங்குவதென்றால் நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான்.

இரண்டாவது கட்டடத்தில் துளைகள் குறைவு. மூன்றாவதில் பூக்களை விட்டுவிட்டு வெறும் சுவரில் மட்டும். நான்காவது மருந்துக்கடைக் கட்டடம். தகடு இறங்கியது. ஒரு துளைகூட இல்லை. பூக்கள் அத்தனையும் அத்தனை இதழ்களோடும் இருந்தன.

"அப்போ எதுல நிக்க வச்சாங்க?" என்றார் பொறியாளர்.

"கவ்வி, மேடம்" என்றார் சாரத்திலிருந்த தொழிலாளி. "இரும்புப் பட்டை தூணைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கு. நடுவுல சைக்கிள் டியூபை வெட்டி வச்சிருக்கான். தூண்ல கீறல் விழக் கூடாதுன்னு."

"அந்தக் கோடியில குத்திக் கிழிச்சவனும் இவனும் ஒரே ஆளா இருக்கவே முடியாது."

"ஒரே ஆள்தாம்மா" என்றேன்.

திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த டியூபை வெட்டிக் குடுத்ததே நான்தான். என் வீட்டுக்காரர்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "அம்மா, அன்னிக்கு நான் என்னமோ..."

"சரியாத்தான் சொன்னீங்க. முதல் கட்டடம் கசாப்புதான்."

டியூப் எதற்கு என்று அப்போது நான் என் கணவரைக் கேட்டதில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

5

இந்த இடத்தில் கதை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மூன்றாவது கட்டடத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே ஒரு மனிதர் மாறியிருக்கிறார். ஏன் என்று சொல்லாவிட்டால் அது என்ன கதை?

அ. துளையிடும்போது ஒரு பூ உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதையே பார்த்தபடி அவர் நெடுநேரம்—

(விட்டேன். இவர் எதையும் நெடுநேரம் பார்த்தபடி நின்றவர் இல்லை. அப்படி நிற்பவர்கள் கதைகளில் அதிகம். சாரத்தில் நின்றால் விழுந்துவிடுவார்கள்.)

ஆ. அன்று மாலை மனைவி சொன்னாள்: "அந்தப் பூக்களைச் செஞ்சவனுக்கும் கை வலிச்சிருக்கும் இல்ல?" அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள்—

(அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நல்லவளாக நான் வருகிறேன். அதனாலேயே நம்ப முடியவில்லை. அப்படி நான் எதுவும் சொன்னதாக நினைவும் இல்லை. பெரும்பாலும் "சாப்பிட வாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன்.)

இ. மகளுக்குத் தொலைபேசியில் இரண்டையும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, அந்த வருஷம் பூரா கரண்ட் இல்லம்மா. மறந்துட்டியா? டிரில் ஓடலே. அப்பா பாத்தாரு, கவ்வி போட்டுட்டாரு. அவ்வளவுதான் விஷயம். நீ அவரைச் சாமியாக்கிடாதே."

"சாமியெல்லாம் ஆக்கல."

"பூ உள்ளங்கையில விழுதுன்னா அது சாமிதான்."

"சரி, கரண்ட் வந்தப்புறமும் கவ்விதானேடீ போட்டார்? மருந்துக்கடைக்கு அப்புறம் எத்தனை கட்டடம் பண்ணியிருக்கார். ஒண்ணுலயும் ஓட்டை இல்லையே."

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா."

"எங்கிட்டயும் இல்ல. அதனாலதான் எழுதிட்டிருக்கேன்."

"பாத்திரத்துக்கே தெரியாத காரணத்தை நீ எப்படி எழுதுவே?"

என் மகள் கணக்கு ஆசிரியை. இப்படியெல்லாம் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

6

எங்கள் கட்டடம்தான் பாக்கி.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அவர் கடைசியாகத்தான் தகடு போட்டார். பச்சை நிறம். நன்றாக இல்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன். அப்போது உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. கவ்வியை முறுக்க மணிக்கட்டில் பலம் வேண்டும். அவருக்குத் தம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை தேவைப்பட்டது. வெளியாட்கள் இருவரை வைத்துக்கொண்டு, செருப்புக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாராம். நான் அச்சகத்தில் இருந்தேன். அந்த முறை டியூப் வெட்டித் தரச் சொல்லி அவர் கேட்கவில்லை. பழையது மிச்சம் இருந்ததா, தேவைப்படவே இல்லையா, தெரியாது.

"உங்க சம்மதம் இல்லாம தொட மாட்டோம்மா" என்றார் பொறியாளர். இப்போது வந்தால் காப்பி குடிக்காமல் போவதில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். இது கழன்றால் தெருவில் அவருடையது என்று ஒன்றும் மிஞ்சாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடியில் சுவர் என்ன சொல்லும் என்பதுதான் பயம். முடியாத காலத்தில், சொந்த வீட்டில், யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில், அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டார்? அதை அவர் கட்டடத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் திருத்த உரிமை இல்லாத ஒரே பக்கம் அது.

செருப்புக்கடைக்காரர் படியேறி வந்தார். "அக்கா, தெருவே முகம் கழுவிட்டு நிக்குது. நம்மது மட்டும் பச்சையா, பாசி பிடிச்ச தொட்டி மாதிரி. வர்றவன் உள்ள கடை இருக்குன்னே நினைக்க மாட்டேங்கறான்." பிறகு, "அவன் இருந்தா அவனே கழட்டிட்டு, புதுசா எதையாவது மாட்டியிருப்பான். அவனுக்கு மாத்தறதுதான் பிடிக்கும். வச்சுப் பாத்துக்கிட்டிருக்கற ஆளா அவன்?" என்றார்.

அன்று மாலை தெருக்கோடிவரை நடந்தேன். முதல் கட்டடத்தின் சாரத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து துளைகளில் சுண்ணாம்புச் சாந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குச்சியால் அமுக்கினாள், மற்றவள் ஈரத்துணியால் நீவினாள். வாயில் ஏதோ நாத்தனார் கதை ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, தினமும் வந்து பாக்கறீங்க?"

"அந்த ஓட்டைங்க எல்லாம் என்ன ஆச்சு?"

"நீங்களே சொல்லுங்க, எங்க இருந்துச்சு?"

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எழுத்துப் பிழையைத் தேடியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். என்னால் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு சேந்துக்கும்க்கா" என்றாள் நீவியவள். "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

பொறியாளரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

7

இனி முடிவு.

துளையே இல்லை என்று முடிக்கலாம். எல்லோருக்கும் பிடிக்கும். மகள் மட்டும் "சாமி" என்பாள். சுவர் முழுக்கத் துளை என்று முடிக்கலாம். அப்படியானால் அந்த இரண்டு பெண்களுக்கு ஒரு வாரம் வேலை, எங்கள் வீட்டு வாசலில் நாத்தனார் கதையின் மிச்சம். பாதிக்குப் பாதி என்றும்—

(விட்டேன். அவர் எதையும் பாதியில் நிறுத்தியதில்லை, தன் ஆயுளைத் தவிர.)

சாரம் காலையிலேயே கட்டிவிட்டார்கள். கீழேயிருந்து செருப்புக்கடைக்காரர் குரல் கொடுக்கிறார்: "அக்கா, இறங்கி வாங்க! முதல் திருகாணியை நீங்கதான் கழட்டணுமாம்! ஸ்பேனர் கையிலேயே வச்சிருக்கேன்!"

நான் போகிறேன். நீங்கள் இந்த மேசையிலேயே இருங்கள். எதிரில் இருப்பது தெருப்பக்கத்து ஜன்னல். ஊருக்கெல்லாம் அளந்து அளந்து தகடு போட்ட மனிதர், சொந்த வீட்டின் ஜன்னல் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்பதை மறந்துவிட்டார். திறந்தால் தகட்டில் இடித்து நிற்கும். ஒரு கை நுழையும், அவ்வளவுதான். இடது பக்கம் கொஞ்சம் எட்டினால் தூண். ரப்பர் தட்டுப்படுகிறதா, துளை தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் இதுவரை கையை விட்டதில்லை.

நான் மெதுவாகப் படியிறங்குகிறவள். திருகாணியும் துருப்பிடித்திருக்கும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. பார்ப்பதென்றால் சட்டைக் கையை மட்டும் மடித்துவிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தூசி அதிகம்.