ஸ்டியரிங் பம்பு

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தபோது பம்பின் உடம்பில் எண் தெரிந்தது. ஜவுபர் அதை ஒருமுறை வாசித்தான். பிறகு கையிலிருந்த கிறீஸை அதன் மேலேயே தடவினான்.

அவனுடைய பழைய பென்ஸ் காரின் பம்பு அது. கார் மருதமுனையில், மனைவியாயிருந்த முனவ்வறாவின் வளவில், மாமரத்தின் கீழ் நின்றது. இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண் தன் பெட்டியோடு அங்கே வருவான். பிரிந்தால் பெட்டியோடு போவான். ஜவுபர் ஒலுவிலில் தங்கையின் வீட்டுக்குப் போய் மூன்று வருடமாகிறது. கார் அன்று ஓடும் நிலையில் இல்லை. அங்கேயே நின்றுவிட்டது.

விவாகரத்தை விசாரித்த காழியார் முன்னால் முனவ்வறா அதிகம் குறை சொல்லவில்லை. "இவர் ஒண்டும் கதைக்கிறல்ல. இருவத்தாறு வரிசமா நான்தான் கதைக்கிறன்" என்றாள். காழியார் அவனைப் பார்த்தார். அவனுக்குச் சொல்வதற்கு இருந்தவை பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வரிசையாக வந்தன.

வெள்ளிக்கிழமைகளில் துறைமுகத்தில் போட் எஞ்சின் வேலை இல்லை. ஜும்ஆ முடிந்ததும் ஸ்பானர் சாவிகள் போட்ட பையோடு மருதமுனைக்கு வருவான். காரைச் சரிசெய்து எடுத்துப் போவதாகப் பேச்சு. எஞ்சின் சரியாகிவிட்டது. பிரேக்கும் சரி. மிச்சம் ஸ்டியரிங் பம்பு. உள்ளே ரப்பர் வளையங்கள் கிழிந்து எண்ணெய் ஒழுகியது.

முதலில் காரின் ஆண்டைச் சொல்லி வளையங்கள் வாங்கினான். ஒரே ஆண்டுக் காருக்கு இரண்டு கம்பனிகளின் பம்பு வந்திருந்தது. வெளியே ஒன்றுபோல, உள்ளே வேறு. பொருந்தவில்லை. அடுத்த முறை கழற்றிய வளையத்தையே கொண்டுபோய் அளந்து வாங்கினான். அது வருடக்கணக்காக எண்ணெயில் ஊறிப் பருத்திருந்தது. அந்த அளவில் வாங்கியது நுழையவே இல்லை. அந்த இரண்டும் உண்மையான பிழைகள்.

"காரப் பாத்தும் வாங்காதீங்க, பழசப் பாத்தும் வாங்காதீங்க" என்றான் கல்முனையில் பாட்ஸ் கடை வைத்திருக்கும் பளீல். "பம்புட ஒடம்புல நம்பர் அடிச்சிருப்பான். அதக் கொண்டாங்க. கொழும்புலரிந்து எடுத்துத் தாறன்."

எண் கிடைத்த மறுநாள் ஜவுபர் கடைக்குப் போனான்.

"நம்பர் தேஞ்சி போயிட்டு. வாசிக்கேலா."

"அப்ப?"

"முதல்ல எடுத்ததுல இன்னொரு செட் தா."

"அது பொருந்தாதே காக்கா!"

"தா."

பளீல் பெட்டியை மேசையில் வைத்தான். கையை எடுக்கவில்லை. "அலையில ஆடுற போட்டுல கண்ண மூடிக்கிட்டு எஞ்சின் பூட்டுற மனிசன் நீங்க. ஒரு பம்புக்கு மூணு தரம் வாறீங்க. எனக்கு யாவாரம்தான். வருத்தம் காருக்கா, உங்களுக்கா?"

ஜவுபர் பெட்டியை இழுத்தெடுத்தான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் பொருந்தாததைப் பூட்டினான். நிதானமாகப் பூட்டினான். உள்ளே மீன் பொரியும் சத்தம் கேட்டது. மகள் பஸ்லியா ஏதோ சொல்ல, முனவ்வறா சிரித்தாள். இந்தச் சிரிப்பை அந்த வீட்டுக்குள் இருந்தபோது கேட்டிருக்கிறான். கவனித்ததாக நினைவில்லை. சற்று நேரத்தில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. கழற்றினான்.

முனவ்வறா தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"மகள்ட வாப்பா."

முன்பு 'இஞ்சருங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

"வாற மாசம் புள்ளட கலியாணம். பந்தல் இதிலதான் வரும்."

"ஓம்."

"ஊட்டப் புள்ளைக்கு எழுதியாச்சி. நான் பின்வளவுக்குப் போறன். இனி இந்த வாசல் அவங்கட. மருமகன் தன்ட கார இதில நிப்பாட்டணும்."

"சாமான் வரணும்."

"வரல்லெண்டா லொறில ஏத்துவம். அடுத்தூட்டு றிம்சான்ட லொறி சும்மாதான் நிக்கிது." அவள் காரைப் பார்க்கவில்லை. அவனுடைய கையைப் பார்த்தாள். "அதுல கிறீஸ். சோப்பு கெணத்தடியில இரிக்கி."

காரை லொறியில் கட்டி ஏற்றுவதை ஜவுபர் நினைத்துப் பார்த்தான். பஸ்ஸில் ஏறியதும் பளீலுக்குப் போனில் கோல் எடுத்து எண்ணைச் சொன்னான். பார்க்காமலே சொன்னான்.

"தேஞ்ச நம்பர் எப்பிடிகா வந்திச்சி?"

"வந்திட்டு."

அடுத்த வெள்ளிக்கிழமை வளையங்கள் விரல் அழுத்தத்திலேயே உட்கார்ந்தன. பம்பைப் பூட்டினான், பெல்ட்டை மாட்டினான், பம்பின் சட்டியில் சிவப்பு எண்ணெய் ஊற்றினான். இனிக் குழாய்களில் உள்ள காற்றைப் போக்க வேண்டும். எஞ்சினை ஓட விட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முடியுமட்டும் திருப்ப, மற்றவர் எண்ணெயைப் பார்த்துக் குறையக் குறைய ஊற்றுவார். தனி ஆளாகச் செய்யலாம். ஓடி ஓடிச் செய்ய வேண்டும். ஒலுவிலில் அவன் எத்தனையோ வேலைகளைத் தனி ஆளாக ஓடி ஓடிச் செய்திருக்கிறான்.

படியடியில் போய் நின்றான்.

"ஒராள் உள்ளுக்க இரிந்து திருப்பணும்."

"பஸ்லியா டியூட்டில."

"தெரியும்."

முனவ்வறா வாசலில் நின்றாள். "எனக்குக் கார் ஓடத் தெரியாதே."

"ஓட வேணாம். திருப்பினாக் காணும்."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வழக்கத்தில் இடப்பக்கக் கதவுக்குப் போனவள், நின்று, சுற்றி வந்து ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. ஜவுபர் சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட விட்டு முன்னால் போனான்.

திறந்த பொனட்டின் அடி இடைவெளியில் அவளுடைய கைகள் மட்டும் தெரிந்தன.

"சோத்துக் கைப்பக்கம். முடியுமட்டும்."

திருப்பினாள். சட்டியில் எண்ணெய் நுரைத்துக் கீழே போனது. ஊற்றினான்.

"இனி மத்தப் பக்கம்."

"பாரமா இரிக்கே."

"இரிக்கும். திருப்புங்க."

பெரிய குமிழிகள் வந்தன. பிறகு சிறியவை. ஊற்றுவதை நிறுத்தினான். ஒரு குமிழி மேலே வந்து ஓரத்தில் ஒட்டி நின்று உடைந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. சிவப்பு எண்ணெயில் மாங்கிளையின் பிம்பம் விழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"லேசாப் போயிட்டே!" என்றாள். "ஒரு விரல்லயே திரும்புது. காத்துப் போயிட்டா?"

ஜவுபர் சட்டிக்குள் பார்த்தான்.

"இன்னம் கொஞ்சம் இரிக்கி."

இறங்கப் போகிறாள் என்று நினைத்தான். காரின் முன் சில்லு மணலை நறநறவென்று அரைத்தபடி, மெதுவாக, மற்றப் பக்கம் திரும்பியது.