ஊசியில் நிற்காத அட்டைகள்

பம்பாய்ச் செம்பூரில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு 1966-இல் ஒரு புதுமை வந்தது. நோயாளிக்கு ஆளுக்கோர் அட்டை. அதன் ஓரமெல்லாம் துளைகள். ஒரு துளைக்கு ஒரு வியாதி; வயதுக்கும் பேட்டைக்கும் தனித் துளைகள். நோயாளிக்குப் பொருந்தும் துளையின் விளிம்பை வெட்டிவிட வேண்டும். பிறகு அட்டைக் கட்டில் அந்தத் துளை வழியே நீண்ட ஊசியைச் செருகித் தூக்கி உதறினால், வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே உதிரும்.

பெரிய டாக்டர் உத்தரவு போட்டார். ஹெட்கிளார்க் திருவேங்கடமோ அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ரிஜிஸ்டர் இருக்கறச்சே இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?"

அவர் தொடாததை ஆபீஸில் யாரும் தொடவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாராவிப் பெண் ஆபிதாவுக்கு மட்டும் கை துறுதுறுத்தது.

ஆண்டு விழா நெருங்கியது. மேடையேறச் சொன்னால் எல்லோரும் நழுவினார்கள். ஆபிதா டாக்டரிடம் மாதிரி அட்டைகள் கொஞ்சம் வாங்கிவந்து, நர்ஸ் கோமதியம்மாளோடு உட்கார்ந்து ஊழியர்களுக்கே அட்டை போட்டாள். பாட்டுக்கு ஒரு துளை, ஆட்டத்துக்கு ஒரு துளை, கணீர்க் குரலுக்கு ஒன்று.

சாப்பாட்டு வேளையில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, பாட்டுத் துளையில் ஊசியைச் செருகி உதறினாள். மூன்று அட்டைகள் விழுந்தன. அவற்றைக் குரல் துளையில் கோத்து மறுபடி உதறினாள். ஒன்றே ஒன்று விழுந்தது. அதிலிருந்த பெயரைப் படித்தாள்.

"திருவேங்கடம் சார்!"

சிரிப்பில் அறை அதிர்ந்தது. திருவேங்கடம் எழுந்து வந்தார்.

"எனக்கு யார் அட்டை போட்டா?"

"நாந்தான்," என்றாள் கோமதியம்மாள். "ஆளில்லன்னு நெனச்சு நீங்க பாடுதது வார்டு வரைக்கும் கேக்கு சார். நோயாளிக தாளம் போடுதாவ!"

அவர் காது சிவந்தது. ஊசியைப் பிடுங்கி, ஆட்டத் துளையில் செருகி உதறினார். கோமதியம்மாளின் அட்டை விழுந்தது.

"ஏட்டி ஆபிதா! இது எப்பம் போட்டே?"

"கணபதி ஊர்வலத்துல பார்த்தேனேக்கா. ஏக்தம் மஜாவா, அசத்தலா ஆடுனீங்க!"

திருவேங்கடம் மூக்குக்கண்ணாடி நழுவச் சிரித்தார். "இன்னொரு தரம்!" என்று அட்டைகளை மறுபடி அடுக்கினார். மணி அடித்தும் யாரும் நகரவில்லை. மாலையில் அவரே அலமாரியைத் திறந்தார்.

விழாவில் அவர் பாடினார், கோமதியம்மாள் ஆடினாள். மறுவாரமே நோயாளிகள் எல்லோருக்கும் அட்டை போடத் தொடங்கினார்கள். ஒருநாள் பெரிய டாக்டர் வந்து, பக்கத்துச் சுனாபட்டியில் கக்குவான் இருமல் கண்ட குழந்தைகள் யார் யார் என்று கேட்டார். ஊசிக்கு நாலு கைகள் நீண்டன.

"இன்னிக்கு என் முறையாக்கும்!" என்றார் திருவேங்கடம்.

டாக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. ஊசியை வாங்கி, முழுபலத்தோடு ஓர் உதறு உதறினார். மொத்தக் கட்டும் ஊசியை விட்டுப் பறந்தது. மேஜைக்கடியில் தவழ்ந்து அட்டை பொறுக்கிய அத்தனை பேரிலும் உரக்கச் சிரித்தவர் டாக்டர்தான்.