ரோஸ் பட்டையில் ஒன்பதாயிரம் அடி

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிரம்பானில் ஒரு மருத்துவமனை வரிசையில். எனக்கும் அங்கே வேலை இருந்தது. சர்க்கரை. மருத்துவர் மாத்திரை எழுதும் தாளிலேயே ‘நடை, 30 நிமிடம், வாரம் ஐந்து நாள்’ என்று எழுதித் தந்திருந்தார். அதை மருந்துக் கவுண்டரில் நீட்டினேன். (பொய். நீட்டலாமா என்று யோசித்தேன்.) எதிரே ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், இரண்டு கையிலும் காலடி எண்ணும் பட்டை கட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று ரோஸ். ஒரு மனிதருக்கு எதற்கு இரண்டு? மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2.

‘லுக்குட் செம்பனைக் காட்டில் பொழுது புலர்ந்தபோது, வசந்தன்…’

வேண்டாம். எந்தக் கதையில்தான் பொழுது புலரவில்லை?

வசந்தன் லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். தை மாதம் அவர் மனைவி லோகேஸ்வரிக்கு மாரடைப்பு வந்தது. தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்துபோகும் வழியில் வந்தது. பிழைத்து வந்தவளுக்கு, மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் ஷாமினி என்ற பெண் நடையை மருந்தாக எழுதித் தந்தாள். முதலில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அவள் தந்த ரோஸ் பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து, ஆறு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும்.

“நடக்கறப்பதான் வந்துச்சு,” என்றாள் லோகேஸ்வரி. “மறுபடி நட நடன்னு எழுதிக் குடுக்குது அந்தப் பொண்ணு. நா மாட்டேன்லா.”

ரோஸ் பட்டை இரண்டு நாள் பெட்டியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் வசந்தன் எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

3.

(இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாரி ஓட்டுகிற மனிதர் இவ்வளவு வெள்ளந்தியாக இருப்பாரா?)

ஆனால் அவர் கணக்கு வேறு. அவள் வார்டில் கிடந்தபோது தைப்பூசத்தில் அவளுக்காகப் பால்குடம் எடுத்தவர் அவர். முன்னால் போனவர் மகளின் பரீட்சைக்காக எடுத்தார், பின்னால் வந்தவர் தம்பியின் கிட்னிக்காக. யாருடைய கால் என்று முருகன் விசாரிக்கவில்லை. இரண்டே நாளில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்புறம் நடைக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

கறுப்புப் பட்டை அவருடையது. ரத்தக்கொதிப்புக்காக அவருக்கும் நடை எழுதியிருந்தார்கள். ஒரே நடையை இரண்டு பேர் பேரில் காட்டுவது மோசடி என்று அவருக்குப் பட்டது. அதனால் காலையில் ரோஸைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் அவளுக்காக நடந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து, கறுப்பைக் கட்டிக்கொண்டு தனக்காக நடந்தார்.

வெள்ளந்தி இல்லை, பயம். அவள் செத்துப்போய்விடுவாளோ என்று அந்த மனிதருக்கு நெஞ்செல்லாம் பயம். சும்மா உட்கார அவரால் முடியவில்லை.

4.

ஆறு வாரம் கழித்து வசந்தன் கழற்றிக் காட்டிய ரோஸ் பட்டையை ஷாமினி பார்த்தாள். தினமும் ஒன்பதாயிரம் அடி. “சூப்பர் ஆண்ட்டி,” என்றாள். எடை பார்க்கக் கூப்பிட்டாள். நாற்காலியிலிருந்து தராசு பத்தடி தூரம். லோகேஸ்வரி நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆண்ட்டி, ஒம்பதாயிரம் நடக்கறவங்களுக்கு இப்படி மூச்சு வாங்காதே.”

“நாந்தாம்மா நடந்தேன்,” என்றார் வசந்தன். “அவளுக்கு பதிலா.”

“அப்ப அங்கிள் நெஞ்சு நல்லா ஆயிருக்கும்,” என்றாள் ஷாமினி.

பிறகு தாழ்வாரத்தின் இரு முனையிலும் ஒவ்வோர் ஆரஞ்சுக் கூம்பை வைத்தாள். லோகேஸ்வரி அவற்றுக்கு நடுவே ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும்.

“நானும் கூட வரட்டாம்மா?”

“அங்கிள் உக்காருங்க.”

“நடுவுல நெஞ்சு நின்னுப்போச்சுன்னா?” என்றாள் லோகேஸ்வரி.

“நா பக்கத்துலயே வர்றேன். டாக்டரு அந்த ரூம்ல இருக்காரு. மூச்சு வாங்குனா நில்லுங்க, வலிச்சா சொல்லுங்க. ஆனா உக்காந்தே இருந்தீங்கன்னா இன்னும் வீக்காயிரும் ஆண்ட்டி. அடுத்த தடவ வந்துச்சுன்னா தாங்காது.”

5.

முடிவு அ: அவள் ஆறு நிமிடமும் நடக்கிறாள். வசந்தன் அழுகிறார். (அவசரமாகப் போகவேண்டியவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.)

முடிவு ஆ: மூன்றாம் நிமிடத்தில் அவள்

எழுதமாட்டேன்.

முடிவு இ: அவள் நடக்க நடக்க, நாற்காலியில் வசந்தனின் கால்களும் அசைகின்றன. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மறுபடியும் அவர் கால்தான்.

6.

நான் மாட்டிக்கொண்ட இடம் இப்போதுதான் பிடிபடுகிறது. ‘நடந்தாள்’ என்று நான் எழுதிவிட்டால், அந்த ரோஸ் பட்டை என் கைக்கு வந்துவிடும். வசந்தனாவது உண்மையாகவே நடந்தார். நான் மூன்று மணி நேரமாக நாற்காலியை விட்டு எழவில்லை. என் மருத்துவர் தந்த தாள் தேத்தண்ணித் தம்ளருக்கு அடியில் ஈரமாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இதுவரைதான் என் பொறுப்பு: ஷாமினி ரோஸ் பட்டையை வசந்தனிடமிருந்து வாங்கி லோகேஸ்வரியின் கையில் கட்டிவிடுகிறாள். பழைய எண்ணிக்கையை அழித்துவிட்டுப் புதிதாக எண்ண வைக்கிறாள். பூஜ்யம். வசந்தன் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். லோகேஸ்வரி சுவரிலிருந்து கையை எடுத்து

நான் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்புகிறேன். அரை மணி நேரம் ஆகும். அதுவரை நீங்கள் அவள் பக்கத்தில் இருங்கள். அவளுக்குப் பதிலாக மட்டும் நடந்துவிடாதீர்கள்.