திரைக்கு வெளியே ஒரு விரற்கடை

மதியம் ஒன்றேகால் மணிக்கு சத்யப்பிரியாவின் மானிட்டர் அணைந்துபோனது. புகையோ சத்தமோ இல்லை. ஒருமுறை கண் சிமிட்டியது, பிறகு கறுத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். பின்பக்கம் தட்டிப் பார்த்தாள். கீழே உள்ள சின்ன விளக்குகூட எரியவில்லை.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அவள். வடக்குத்து என்ற ஊரில் சொந்த வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் இணையத்தில் அனுப்பும் படங்களைப் பார்ப்பாள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனையோ சாயல்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே செய்த மானிட்டர் அது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று போன மாதமே கணவனிடம் சொல்லியிருந்தாள். அவன் வேறு ஒன்றை வாங்கி வந்தான். ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஃபோர்-கே டிவி. அந்தச் சண்டை இன்னும் முழுசாக ஆறவில்லை.

அவள் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தபோது போன் அடித்தது.

"மேடம், அஃப்சல் பேசறேன். முத்தாண்டிக்குப்பம் ரோட்டு ஆஸ்பத்திரி. ஒரு செஸ்ட் எக்ஸ்ரே அனுப்பியிருக்கேன், பாத்துட்டீங்களா?"

அஃப்சல் படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத டியூட்டி டாக்டர். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவன். இன்று மூச்சு வாங்கியது.

"என் மானிட்டர் போயிடுச்சு அஃப்சல். என்ன கேஸ்?"

"பலா மரத்துலேர்ந்து விழுந்துட்டார் மேடம். நாப்பது வயசு. இடது முழங்கை உடைஞ்சு விலகியிருக்கு. விரலெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு, நாடி கிடைக்கல. உடனே தியேட்டருக்கு எடுத்தாகணும். மார்பு க்ளியர்னு நீங்க சொன்னாத்தான் மயக்கம் குடுப்பேங்கறாங்க அனஸ்தீசியா மேடம்."

"நெஞ்சு வலிக்குதுன்றாரா?"

"கை வலியில அவருக்கு வேற எதுவும் தெரியல. மூச்சு நல்லாத்தான் விடறார். நான் போன்ல பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல."

சத்யப்பிரியா அவனை ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னாள். சென்னையில் இருக்கும் படம் பார்க்கும் டாக்டர்கள் குழுவின் தலைமை டாக்டர் விஜயகுமாரியைக் கூப்பிட்டாள். அங்கே எல்லாருக்கும் வரிசையில் படங்கள் நின்றன. வேறு ஒருவர் எடுத்துப் பார்க்க நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நாற்பது நிமிடத்தில் அந்தக் கை என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் அறிவுச்செல்வன் சுரங்கத்தில் பெர்மனென்ட். இரண்டாவது ஷிப்ட். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"டிவில கம்ப்யூட்டர மாட்ட முடியுமாங்க?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு காலில் லேஸ் தொங்க எழுந்து வந்து, சிபியூவைத் தூக்கி ஹாலுக்குக் கொண்டுவந்தான். டீப்பாய்மேல் இருந்த பேப்பரைத் தள்ளிவிட்டு அதை வைத்தான். டிஷ் பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ கேபிளை உருவினான்.

"எந்த ஓட்டைல போடணும்?"

"எதுலயாச்சும் போடுங்க."

டிவியில் நீலமாக ஒரு பட்டை ஓடியது. நோ சிக்னல். கேபிளைக் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பச் செருகினான். அதே நீலம். ஷிப்டுக்குப் போகிற வண்டிகள் வெளியே தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"லேட்டாயிகினு இருக்கு சத்யா."

"நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

"இரு, இரு. ஒண்ணாம் நம்பர்ல எப்பவுமே தகராறுதான்." டிவியைச் சுவரிலிருந்து லேசாக இழுத்து, பின்னால் கையை விட்டுத் துழாவி இரண்டாவது துளையில் செருகினான். திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு அவளுடைய கம்ப்யூட்டரின் முகப்பு ஹால் முழுக்க விரிந்தது.

"பாத்தியா, எம்மாம் தெளிவு!" என்றான் அவனை அறியாமல். அவள் கீபோர்டையும் மௌஸையும் செருகினாள். "சரி. ரிமோட்டு சோஃபா மேல கீது. வரட்டுமா?" ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினான். பைக் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். டிவிக்கு நான்கடி தூரத்தில் தரையில் உட்கார்ந்து, மௌஸை டீப்பாய் விளிம்பில் வைத்துக்கொண்டாள். அம்புக்குறி கையைவிட ஒரு கணம் தாமதமாக நகர்ந்தது. பட்டியலில் சிவப்பாக ஒரே ஒரு வரி. திறந்தாள்.

மார்பு எக்ஸ்ரே திரையின் மேலிருந்து கீழ்வரை நிறைந்தது.

இடது நுரையீரலின் வெளி விளிம்பை ஒட்டி, மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு.

விழுந்த வேகத்தில் நுரையீரலில் சின்னதாக ஒரு கிழிசல் உண்டாகியிருந்தால், காற்று வெளியே கசிந்து விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே தங்கும். படத்தில் அது இப்படித்தான் தெரியும், மெல்லிய வெள்ளைக் கோடாக. கோட்டுக்கு அப்பால் வெறும் கறுப்பு. கசிவு சிறிதாக இருந்தால் மனிதன் நடப்பான், பேசுவான். ஆனால் மயக்கம் கொடுத்து, இயந்திரத்தால் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ள ஆரம்பித்தால் கசிவு பெருகும். நுரையீரல் சுருங்கி, இதயத்தையே நெருக்கிவிடும். மேஜையிலேயே ஆள் போய்விடலாம்.

போன் அடித்தது. "மேடம்?"

"பாத்துகிட்டிருக்கேன். மயக்கம் குடுக்காதீங்க. அஞ்சு நிமிஷம்."

"தியேட்டர்ல டேபிள் மேல படுக்க வெச்சாச்சு மேடம்."

"அஞ்சு நிமிஷம் அஃப்சல்."

கோட்டைப் பெரிதாக்கினாள். நுரையீரல் விளிம்பில் மட்டுமல்ல, ஒவ்வொரு விலா எலும்பையும் ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. இதயத்தைச் சுற்றி ஒன்று. மூலையில் இருந்த ஆங்கில எழுத்துகளைச் சுற்றிக்கூட ஒன்று. எழுத்துக்கு எப்படி நுரையீரல் கிழியும்?

டிவி. கிரிக்கெட் பந்து பளிச்சென்று தெரிவதற்காகப் பொருள்களின் விளிம்புகளை அதுவாகவே கூர்மையாக்கிக் காட்டுகிறது. ரிமோட்டை எடுத்தாள். படத்துக்கான மெனுவில் வண்ணங்களைத் தூக்கிக்காட்டும் ஒரு முறையை அறிவுச்செல்வன் வைத்திருந்தான். அதை மாற்றினாள். கூர்மை எண்பதில் இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அறுபது. நாற்பது. பத்து. பூஜ்யம்.

கோடுகள் கரைந்தன. எழுத்துகளைச் சுற்றியது போனது. விலாக்களை ஒட்டியது போனது. இடது நுரையீரலின் விளிம்பில் இருந்ததும் போனது. அந்த இடத்தில் ரத்தக்குழாய்களின் மெல்லிய கிளைகள் நெஞ்சுக்கூட்டின் ஓரம்வரை ஒழுங்காக ஓடின.

மூச்சை விட்டாள். முதுகு வியர்த்து சோஃபாவின் அடிப்பக்கத்தோடு ஒட்டியிருந்தது.

விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். முறிவு இல்லை. இதயம், உதரவிதானம் எல்லாம் சரி. மேலே வந்தாள். தோளுக்கு மேலே நுரையீரலின் உச்சி முழுதாகத் தெரியவில்லை. வலியில் வளைந்து நின்றவரை அவசரத்தில் நிறுத்தி எடுத்த படம், மேலே இடம் விடாமல் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்படி வருவது புதிதல்ல.

"அஃப்சல், உச்சிப் பகுதி படத்துல விழல. இன்னொரு படம் எடுக்க முடியுமா?"

அவன் யாரிடமோ பேசுவது கேட்டது. ஒரு பெண் குரல் எரிச்சலோடு ஏதோ சொன்னது. திரும்பி வந்தான். "கை கறுத்துகிட்டு வருது மேடம். டேபிள்லேர்ந்து எறக்கி எடுக்கணும்னா இருபது நிமிஷம் போயிடும். தெரியற வரைக்கும் க்ளியரா மேடம்?"

அவள் திரையைப் பார்த்தாள். தெரிகிற வரைக்கும் க்ளியர்தான். நூறு படத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு இது போதும். அந்தக் கை ஒரு மரமேறியின் கை.

"சரி," என்றாள். "எழுதிடறேன். பேர் சொல்லுங்க. அணிமாறன்தானே?"

அறிக்கை சொல்லும் முன் நோயாளியின் பெயரை வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்வது அவளுக்குப் பழக்கம். மூலையில் ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது.

"மணிமாறன், மேடம்."

"இங்க அணிமாறன்னு இருக்கே."

"மணிமாறன்தான் மேடம். நான்தான் என் கையால அடிச்சேன். எம் போட்டுத்தான் அடிச்சேன்."

வேறு ஆள் படமா? ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. வயதைப் பார்க்க அதற்கு அடுத்த வரிக்குப் போனாள். அங்கே வயது நாற்பது இல்லை, வெறும் பூஜ்யம். நான்கைக் காணோம். அதற்குக் கீழே தேதியிலும் முதல் எண்ணைக் காணோம். இடது ஓரத்தில் எல்லா வரிகளுக்கும் தலை போயிருந்தது.

"அஃப்சல்," என்றாள். "நான் இப்ப சொன்னத விட்டுடுங்க. மயக்கம் குடுக்கக் கூடாது. யாரும் எதுவும் செய்யாதீங்க."

"மேடம், இங்க எல்லாரும்..."

"லைன்லயே இருங்க."

இடது ஓரத்தில் ஒரு எழுத்தை இந்த டிவி விழுங்கியிருக்கிறது என்றால், மேல் ஓரத்தில் எதை விழுங்கியிருக்கிறது?

ரிமோட்டில் மெனு. படம். அதற்குள் அளவு. பதினாறுக்கு ஒன்பது என்று குறி இருந்தது. கீழே இன்னொரு வரி மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாமல் கிடந்தது. பின்னால் போனாள். மெனு மறைந்தே போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. அவசரத்தில் விரல் வேறு பொத்தானில் பட்டு, டிவி முதலாம் துளைக்குப் போய் நீலத்தைக் காட்டியது. நோ சிக்னல்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

இரண்டாவது துளைக்குத் திரும்பினாள். அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பேனா படம் இருந்தது. அழுத்தினாள். டிஷ் பெட்டி, விளையாட்டு, கம்ப்யூட்டர் என்று ஒரு பட்டியல் வந்தது. அப்படிச் சொன்னாலாவது ஓரங்களை வெட்டாமல் காட்டுமோ என்று கம்ப்யூட்டர் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். திரை கறுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். நான்கில் வெளிச்சம் வந்தது.

படம் நான்கு பக்கமும் லேசாக உள்ளே சுருங்கி உட்கார்ந்திருந்தது. மூலையில் மணிமாறன். வயது நாற்பது. மேலே, இதுவரை டிவியின் சட்டத்துக்குள் மறைந்து கிடந்த ஒரு விரற்கடை அகலம் இப்போது வெளியே வந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தவர் உச்சியை விட்டுவிடவில்லை. இரண்டு உச்சிகளும் முழுதாக இருந்தன.

இடது உச்சியில், கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்கு மேலே, பிறை போல வளைந்து ஒரு கோடு.

கூர்மை இன்னும் பூஜ்யத்தில்தான் இருந்தது. பெரிதாக்கினாள், கோடு போகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாள், போகவில்லை. கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாகப் புரட்டிப் போட்டாள், அப்போதும் அதே இடத்தில் அதே வளைவு. அதற்கு வெளியே ஒரு ரத்தக்குழாய்கூட இல்லை.

"அஃப்சல், எழுதிக்குங்க. இடது பக்கம் நியூமோதொராக்ஸ், காத்து கசிஞ்சிருக்கு. சின்னதுதான், உச்சியில. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல டியூப் போட்டாகணும். அனஸ்தீசியா மேடத்துக்குக் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க, நானே சொல்றேன்."

சொன்னாள். அந்தப் பெண் குரல் இரண்டு கேள்விகள் கேட்டது. இரண்டாவது கேள்வியில் எரிச்சல் இல்லை. "டியூப் செட்டை எடுங்க," என்று அங்கே யாருக்கோ சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தது.

அறிக்கையை அடித்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: மருத்துவத்துக்கான மானிட்டர் பழுதானதால் இந்தப் படம் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கப்பட்டது, வேறொரு டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். அனுப்பிவிட்டு விஜயகுமாரியைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். வேறு மானிட்டர் வரும்வரை தன் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். விஜயகுமாரி திட்டவில்லை. "நீ சொல்லலன்னா நானே எடுத்திருப்பேன்," என்றார்.

அதற்கப்புறம் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டியூப் போட எவ்வளவு நேரம் ஆகும், கைக்கு அது ரொம்ப நேரமா என்று கணக்குப் போட்டபடி ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். இரண்டரை. மூன்று. மூன்றேமுக்கால். போனை எடுத்தாள், வைத்தாள். தியேட்டரில் இருப்பவனைக் கூப்பிடக் கூடாது.

ஐந்து மணிக்கு அஃப்சலே கூப்பிட்டான்.

"டியூப் போட்டதும் புஸ்ஸுனு காத்து வந்துச்சு மேடம். எனக்குக் கையே ஓடல. அப்புறம் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. விரல் சிவந்துடுச்சு. சுண்டுவிரல்ல மட்டும் உணர்ச்சி இன்னும் வரல, பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க. அவரு வொய்ஃப் மலர்கொடி வெளியதான் நின்னாங்க. டியூப்ப பாத்துட்டு ஒரே அழுகை. கைக்குத்தானே கூட்டியாந்தோம், நெஞ்சுல எதுக்குப் போட்டீங்கன்னு கேட்டுகினே இருக்காங்க."

"என்ன சொன்னீங்க?"

"மேடம் பாத்து சொன்னாங்கன்னேன்."

"அஃப்சல், நான் க்ளியர்னு சொல்லிட்டேன். உங்களுக்கே தெரியும். எழுதிடறேன்னு சொல்லிட்டேன்."

"பேர் கேட்டீங்களே மேடம்."

"பேர் கேட்டது பழக்கம். டிவில பாத்தது தப்பு. அத அறிக்கையில எழுதியிருக்கேன். யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க."

"சரி மேடம்," என்றான் அஃப்சல். "நானும் போன்ல பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னேன். அதையும் சொல்லிடறேன்."

அவனை யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான். சத்யப்பிரியா சமையலறைக்குப் போய், மத்தியானம் போட்டுவைத்துச் சாப்பிடாமல் விட்ட சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.