ஏழாவது வளைவில் நிற்கும் லாரிகள்

1952 தை மாதம் தொடங்கி, போடியிலிருந்து மெட்டு மலைச்சாலையில் ஏறி இறங்கும் லாரிகளில் பதினோரு லாரிகள் ஏழாவது வளைவில் யாரும் பிரேக்கை மிதிக்காமலே நின்றன. ஒரு பீடி எரிந்து முடியும் நேரம் இன்ஜின் அணைந்து கிடக்கும். பிறகு தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பும். முதல் இரண்டு வாரம் டிரைவர்கள் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். காரணம் தெரிந்ததும் அதை விட்டுவிட்டு, நிற்கும் நேரத்தில் பக்கத்து ஊற்றில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றப் பழகிக்கொண்டார்கள். பதினோரு லாரிகளிலும் செத்துப்போன சோணையின் லாரியிலிருந்து கழற்றிய சாமான் ஏதாவது ஒன்று இருந்தது.

சோணை யுத்தம் முடிந்த பிறகு ஏலத்துக்கு வந்த பட்டாளத்து லாரி ஒன்றை வாங்கி ஏலக்காய் லோடு ஓட்டியவன். ஏறும்போதும் இறங்கும்போதும் ஏழாவது வளைவில் நிறுத்தி ஒரு பீடி குடிப்பான். 1951 ஐப்பசியில் பதினெட்டு மூட்டையோடு இறங்கி வந்தவன் அங்கே நிற்கவில்லை. லாரி பள்ளத்தில் கிடந்தது. மூன்று நாள் அந்தப் பக்கம் காற்றெல்லாம் ஏலக்காய் மணந்தது. மதராஸ் பக்கம் மதுவிலக்கு இருந்ததால் டிரைவர்கள் மேலே மலையாளத்துக் கள்ளுக்கடையில் குடித்துவிட்டு இறங்குவது வழக்கம். சோணைக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றுதான் ஊரில் நினைத்திருந்தார்கள். ஆனால் அவன் மனைவி முத்துப்பேச்சியின் தம்பி தவசி, போடியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவன், பள்ளத்திலிருந்து உடலைத் தூக்கி வந்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி அழுதான். “வேணாம் மச்சான் வேணாம் மச்சான்னு எத்தன தடவ சொன்னேன். வாயெல்லாம் கள்ளு வாடைக்கா.” கூடப்பிறந்தவன் சொன்ன பிறகு யாரும் வேறு விசாரிக்கவில்லை. முத்துப்பேச்சியும் விசாரிக்கவில்லை. பதினாறாம் நாளோடு கணவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினாள். வருசா வருசம் செத்தவர்களுக்கு இலை போடும்போது மாமனாருக்கும் மாமியாருக்கும் போட்டாள், அவனுக்குப் போடவில்லை. மகள் பொன்னுமணியைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கள்ளுமணி என்று கூப்பிட்டார்கள். அவள் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

லாரியைப் பழைய இரும்புக்குக் கேட்டவர்களுக்கு முத்துப்பேச்சி கொடுக்கவில்லை. எட்டு ஜோடி மாடு கட்டி மேலே இழுத்து, சிலமலை ரோட்டில் தன் பங்குக் காட்டில் கொண்டுவந்து போட்டாள். அந்த வருசங்களில் புதுச் சாமான் கிடைப்பது அரிது. ஒருவர் டைனமோ கேட்டு வந்தார், ஒருவர் ஸ்பிரிங் பட்டை கேட்டு வந்தார். யாரிடமும் கேட்காமல் திருகியும் கழற்றியும் அவளே பழகினாள். சாமான் தீரத் தீர, எஸ்டேட்டுகளில் செத்துக் கிடந்த லாரிகளைத் தேடிப் போனாள். 1957இல் அவள் காட்டில் பதினான்கு லாரிகள் நின்றன. வாங்கிய இடத்தை வைத்தே அவற்றுக்குப் பெயர். வடக்கே நின்றது தேவாரம் லாரி, யானை மிதித்தது. அதன் மூக்கு சப்பையாக இருந்தது, கோழிகள் அதில்தான் முட்டையிட்டன. குரங்கணி லாரிக்குள் அவரைக்கொடி ஏறி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டது, காய் பறிக்க வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும். மூலையில் சோணையின் லாரி எலும்புக்கூடாக நின்றது. அதன் சட்டமும் பிரேக் பெடலும் சிலிண்டரும் மட்டும் மிச்சம்.

சோணைக்கு ஒரு பழக்கம் இருந்தது. பட்டறைக்கு விட்ட லாரியில் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கும். அதற்காக அவன் தன் லாரியின் ஒவ்வொரு சாமானிலும் உளியால் மூன்று புள்ளி கொத்தி வைத்திருந்தான். அவன் சாமானை வாங்கியவர்கள் அந்த மூன்று புள்ளியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பிரேக் சிலிண்டரில் மட்டும் புள்ளி இல்லை. அதைத் துடைக்கும்போதெல்லாம் முத்துப்பேச்சி, “இதக் கொத்துறதுக்குள்ள கள்ளு இழுத்துருச்சு போல” என்று சொல்லிக்கொள்வாள். ஏழு வருசமும் அப்படித்தான் சொன்னாள்.

வளைவில் லாரிகள் நிற்பதைப் பற்றியும் அவளுக்குப் பெருமை கிடையாது. பக்கத்துக் காட்டு ஆயம்மாள் ஒருமுறை, “செத்தும் ஓம் புருசனுக்குப் பீடி விடலயேடி” என்றதற்கு, “உசுரோட இருக்கயில நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. இப்ப நின்னு என்ன” என்று பதில் சொன்னாள். டிரைவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் மட்டும், “சோணையண்ணே, வெரசா இழுங்க, தார்ப்பாயி இல்ல” என்று சொல்வார்கள். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது.

தவசி அந்தக் காட்டிலிருந்து ஒரு ஆணிகூட வாங்கவில்லை. 1951 ஐப்பசியிலேயே சொந்த லாரி ஒன்றைச் சரிசெய்து ஓட்ட ஆரம்பித்தவன் அவன். முத்துப்பேச்சியே கூப்பிட்டுக் கொடுத்த கியர்பெட்டியையும் வேண்டாம் என்றான். “மச்சான் சாமான் எனக்கு ஆகாதுக்கா” என்றான். துக்கம் என்று அவள் நினைத்தாள். அவன் லாரி தேனிக்கும் மதுரைக்கும் கம்பத்துக்கும் ஓடியது. மலைக்கு மட்டும் போகாது, இன்ஜினுக்கு இழுவை போதாது என்பான். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவுக்குச் சேலையும் பொன்னுமணிக்குப் பாவாடைத் துணியும் கொண்டுவருவான். முத்துப்பேச்சி அதைத்தான் கட்டினாள்.

1958 ஆவணியில் மெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் செத்த லாரி ஒன்று விலைக்கு வந்தது. அன்றே இழுத்து வராவிட்டால் வேறு ஆள் கொண்டுபோய்விடுவான். தவசி சோலியாக விருதுநகர் போயிருந்தான். அவன் லாரி பட்டறையில் சும்மா நின்றது. அதன் டிரைவர் கண்ணுச்சாமி தயங்கினான். “அண்ணே மலைக்கு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காரு ஆத்தா.” “அக்கா கேட்டான்னு சொல்லு. கழுத்தையா சீவுவான்” என்று முத்துப்பேச்சி ஏறி உட்கார்ந்தாள். லாரி இழுவைக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஆறு வளைவு ஏறியது. ஏழாவது வளைவில் நின்றது.

கண்ணுச்சாமி முன்பு மலைக்கு லாரி ஓட்டிய பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனான். நாலடி நடந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது, இந்த லாரியில் சோணையின் சாமான் எதுவும் கிடையாது. திரும்பிப் பார்த்தபோது முத்துப்பேச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டிருந்தாள். பதினான்கு லாரிகளைப் பிரித்துப் போட்டவளுக்கு எதை எங்கே தேடுவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் சிலிண்டரில் அப்பியிருந்த மசகை விரலால் வழித்தாள். மூன்று புள்ளி இருந்தது. ஒரு பீடி நேரம் முடிந்தது. லாரி கிளம்பினால் பின்சக்கரம் அவள் மேல்தான் ஏறும். “ஆத்தா, வெளிய வா, எடுக்கப்போகுது” என்று கண்ணுச்சாமி கத்தினான். அவள் அந்த மூன்று புள்ளியின் மேல் விரலை வைத்தபடி கிடந்தாள். லாரி கிளம்பவில்லை. அவள் தானாக வெளியே வந்து, புழுதியைத் தட்டி, ஏறி உட்காரும்வரை நின்றது. அன்று ஒருநாள்தான் அது இரண்டு பீடி நேரம் நின்றது என்று கண்ணுச்சாமி பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

முத்துப்பேச்சி எஸ்டேட்டுக்குப் போய் வாங்க வேண்டியதை வாங்கினாள். இறங்கும்போதும் லாரி அங்கே நின்றது. சாயங்காலம் தன் காட்டில் வைத்து அந்தச் சிலிண்டரை அவளே கழற்றினாள்.

மறுநாள் காலையில் தவசி வந்தான். சாக்கின் மேல் இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்று புள்ளி உள்ளது, ஒன்று இல்லாதது. அவன் உட்காரவில்லை.

“ஒரு நாளைக்குத்தான்க்கா. எனக்கு மொத லோடு, பிரேக்கு பிடிக்கல. மச்சான் லாரி பட்டை மாத்தப் பட்டறைக்கு வந்திருந்துச்சு. அதுல உள்ளத எடுத்துக்கிட்டு எம் பழச மாட்டிட்டு, நாளைக்கு மாத்திக்கலாம்னு இருந்தேன்.”

“அவருகிட்டச் சொன்னியா?”

“நாளைக்கு மாத்தப்போறதுதானேன்னு…”

“கள்ளு வாடை அடிச்சுச்சா?”

யானை மிதித்த லாரியிலிருந்து ஒரு கோழி இறங்கிப் போனது.

“எம் புருசன ஏழு வருசமா நான் குடிகாரன்னு வஞ்சேன்டா” என்றாள் முத்துப்பேச்சி. “நீ கொண்டாந்த சேலையக் கட்டிக்கிட்டு வஞ்சேன்.”

அவன் காலில் விழப் போனான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். “நாளைக்கு வா” என்றாள். அவன் மறுநாள் வந்தான். அன்றும் நாளைக்கு வா என்றாள். பட்டறையை விற்ற பிறகும், தலை நரைத்த பிறகும் தவசி தினமும் காலையில் சிலமலை ரோட்டில் வந்து படலுக்கு வெளியே நின்றான். அவள் ஒருநாளும் கோபப்பட்டு விரட்டியதில்லை. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

மூன்று புள்ளிச் சிலிண்டரை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. சோணையின் லாரிச் சட்டத்தில் அது இருந்த இடத்திலேயே மாட்டினாள். சக்கரமும் இன்ஜினும் இல்லாத அந்த எலும்புக்கூட்டில் ஏழு வருசமாகத் தரையோடு படிந்து கிடந்த பிரேக் பெடல் அன்றே மேலே எழும்பி நின்றது. பொன்னுமணி காலால் அழுத்திப் பார்த்தாள். கீழிருந்து யாரோ காலைக் கொடுத்துத் தாங்குவது போல இருந்தது.

அந்த வருசம் ஐப்பசியில் முத்துப்பேச்சி மூன்று இலை போட்டாள். மூன்றாவது இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு பீடியைப் பற்ற வைத்து வைத்தாள். காட்டுக்கு வெளியே கண்ணுச்சாமி வேறு முதலாளியின் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நின்றான். பீடி இழுக்க இழுக்க எரிவது போல விட்டுவிட்டுச் சிவந்து, சாம்பல் உதிராமல், நூல் கட்டிய இடம் வரை எரிந்தது. அதன் பிறகுதான் கண்ணுச்சாமி கியர் போட்டான்.

மெட்டுக்கு ஓடும் பஸ்சுக்கும் சோணையின் லாரி டைனமோ போயிருந்தது. டிக்கெட் கிழிக்கும்போதே கண்டக்டர் சொல்லிவிடுவார், ஏழாவது வளைவில் வண்டி நிற்கும், தண்ணீர் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளலாம் என்று. ஏழாவது வளைவு கட்டணப் பட்டியலில் இல்லாததால், அங்கே இறங்குகிறவர்களுக்கும் ஆறாவது வளைவுக்கு உள்ள கட்டணம்தான் வாங்கினார்கள்.